குழந்தையை ‘ஹோம்’-இல் வைப்பது யார் முடிவு? நீதிமன்றம் எப்படித் தீர்மானிக்கிறது?

“வெளியில சொன்னா வெல்ஃபேர்ல புடிச்சிக்கிட்டுப் போயி ஹோம்ல போட்டுருவாங்க.”

ஜாசின், மெர்லிமாவ், பெம்பான், அசஹான் என்று மலாக்காவின் எந்தத் தோட்டப்புறத்திலும் தாமானிலும் கேட்கக்கூடிய வார்த்தை இது. வீட்டில் அடி வாங்கும் பிள்ளையின் வாயை அடைக்கப் பெரியவர்கள் சில நேரம் இதையேதான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதற்கும் இதுவே காரணமாகிவிடுகிறது.

உண்மையில் ஒரு குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது? எவ்வளவு நாளைக்கு வைக்கலாம்? அந்த இடத்தின் கதவு பூட்டியிருக்குமா? குழந்தையின் பேச்சை யாராவது கேட்பார்களா? மலேசியச் சட்டம் சொல்வதையும், வேறு நாட்டு நீதிமன்றங்கள் இதே கேள்விகளை எப்படி அணுகின என்பதையும் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்

• சமூக நல இலாகாவோ போலீஸோ குழந்தையைத் தற்காலிகமாகத்தான் எடுத்துச் செல்ல முடியும். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

• அதற்குப் பிறகு முடிவெடுப்பது சிறார் நீதிமன்றம். ‘ஹோம்’ என்பது அதன் கையில் இருக்கும் பல வழிகளில் ஒன்று மட்டுமே.

• பாதுகாப்பு இல்லத்தில் வைக்கும் உத்தரவு 3 ஆண்டுக்கோ 18 வயது வரைக்குமோ, எது முன்னதோ அதுவரைதான்.

• அந்த உத்தரவை மாற்றச் சொல்லிப் பெற்றோர் மட்டுமல்ல, குழந்தையே கேட்கலாம்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது?

1990-இல் இரண்டு வயதைச் சற்றே தாண்டிய ஓர் இந்தியக் குழந்தை கொடுமைக்கு ஆளாகிக் கோலாலம்பூரில் இறந்துபோனது. நாளிதழ்களில் வந்த அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. “யாருக்குமே தெரியாதா? தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே, 1991-இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

அதற்கு முன்பே 1947-ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டமும், 1973-ஆம் ஆண்டின் பெண்கள், சிறுமிகள் பாதுகாப்புச் சட்டமும் இருந்தன. இந்த மூன்றையும் ஒன்றாக்கி வந்ததுதான் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம், மலாயில் ‘அக்தா கானாக்-கானாக் 2001’. இது 611-ஆவது சட்டம். 2002 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2016-இல் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, அது 2017 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லாருமே குழந்தைதான். படிவம் 5 படிக்கிற, அப்பாவைவிட உயரமாக வளர்ந்த பையனும் இதில் அடக்கம்.

எந்தக் குழந்தைக்குப் ‘பாதுகாப்பு தேவை’?

சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. பலர் நினைப்பதுபோல் ‘அடி’ மட்டும் அதில் இல்லை.

உடலில் காயம், மனத்தில் காயம், பாலியல் கொடுமை ஆகியவற்றுக்குக் குழந்தை ஆளாகியிருந்தாலோ, ஆளாகும் ஆபத்து பெரிதாக இருந்தாலோ சட்டம் நுழையலாம். கொடுமை செய்தவர் வேறொருவராக இருந்து, தெரிந்தும் பெற்றோர் தடுக்காமல் விட்டாலும் அப்படியே. கவனிப்பாரில்லாத குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, மருத்துவம் தேவைப்பட்டும் பெற்றோர் மறுக்கும் குழந்தை, பிச்சை எடுக்க விடப்பட்ட குழந்தை எல்லாம் பட்டியலில் உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தீராத சண்டை முற்றிக் குழந்தை பாதிக்கப்படும் நிலையும் இருக்கிறது.

வறுமை தனியாகப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் பணம் இல்லை என்பது வேறு. குழந்தையைக் கவனிக்காமல் விடுவது வேறு. ஒரு சமூக நல அதிகாரி வீட்டுக்குள் வந்தால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் 24 மணி நேரத்தில் என்ன நடக்கும்?

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். ஜாசின் மாவட்டத்தில் 14 வயது மாணவி ஒருத்தி. சித்தப்பா முறை உள்ள ஒருவர் தன்னிடம் தப்பாக நடப்பதாகப் பள்ளி ஆலோசக ஆசிரியையிடம் சொல்கிறாள். அம்மாவிடம் சொன்னாளாம், “குடும்ப மானம் போயிரும், பேசாம இரு” என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

தகவல் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போகிறது. சட்டத்தில் ‘பெலிண்டோங்’, அதாவது ‘பாதுகாவலர்’ என்று குறிப்பிடப்படும் சமூக நல அதிகாரி வருவார். அவரோ ஒரு போலீஸ் அதிகாரியோ, குழந்தைக்குப் பாதுகாப்பு தேவை என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், 18-ஆவது பிரிவின்படி அவளைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம்.

காயமோ பாலியல் கொடுமையோ இருந்தால் முதலில் மருத்துவமனை. பெரிய அரசு மருத்துவமனைகளில் குழந்தைக் கொடுமைச் சந்தேகங்களைப் பார்க்கவென்று ‘ஸ்கேன்’ குழு உண்டு. இப்படிப்பட்ட முதல் குழு 1985-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது.

பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தை சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட வேண்டும். அதற்குள் சிறார் நீதிமன்றம் கூட முடியாவிட்டால் மெஜிஸ்ட்ரேட் ஒருவர் முன்னிலையில் நிறுத்த வேண்டும். அதிகாரி தன் இஷ்டத்துக்கு ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்க முடியாது. “வெல்ஃபேர் புடிச்சிக்கிட்டுப் போயிரும்” என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வெல்ஃபேர் மறுநாளே நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது.

சிறார் நீதிமன்றத்துக்குள் யார் இருப்பார்கள்?

டிவி நாடகத்தில் வரும் நீதிமன்றத்தை மறந்துவிடுங்கள். இங்கே பொதுமக்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. நீதிமன்ற அதிகாரிகள், வழக்கோடு தொடர்புள்ளவர்கள், பெற்றோர், வழக்கறிஞர்கள், நீதிமன்றம் அனுமதிப்பவர்கள் மட்டுமே உள்ளே இருக்கலாம்.

மெஜிஸ்ட்ரேட்டுடன் 2 ஆலோசகர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆலோசகர்கள் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். முடிவெடுப்பது மெஜிஸ்ட்ரேட்.

சமூக நல அதிகாரி ஒரு ரிப்போர்ட் தருவார். வீட்டு நிலை, படிப்பு, உறவினர்கள், உடல்நலம் எல்லாம் அதில் வரும். நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உத்தரவு போட வேண்டும். பெற்றோருக்கும் வந்து பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘குழந்தையின் நலனே முதன்மை’ என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. குடும்ப மானமோ, பெரியவர்கள் செய்துகொண்ட சமாதானமோ அதற்குப் பின்னால்தான்.

குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “பாவம் இந்தப் பிள்ளை, எல்லாரும் ஷேர் பண்ணுங்க” என்று முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியவள் அந்தப் பிள்ளைதான்.

மெஜிஸ்ட்ரேட் என்னென்ன உத்தரவு போடலாம்?

30-ஆவது பிரிவு பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

1. பெற்றோரிடமே விடலாம். ஒழுங்காகக் கவனித்துக்கொள்வோம் என்று அவர்கள் பிணை உறுதி எழுதிக்கொடுக்க வேண்டும்.

2. ‘தகுந்த நபர்’ ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அது பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக, அத்தையாக இருக்கலாம். குழந்தைக்குப் பாதுகாப்புக் கொடுக்கக்கூடியவர் என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும்.

3. சமூக நல அதிகாரியின் மேற்பார்வையில் வைக்கலாம். தனியாகவோ, மேலே சொன்ன இரண்டோடு சேர்த்தோ இப்படிச் செய்யலாம்.

4. பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம். மலாயில் ‘தெம்பாட் செலாமாட்’. 3 ஆண்டு, அல்லது 18 வயது, எது முன்னதோ அதுவரை.

5. பெற்றோரே இல்லாத, அல்லது கைவிடப்பட்ட குழந்தை என்றால் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம்.

நம் கற்பனை மாணவிக்கே வருவோம். கெமெண்டோரில் இருக்கும் பாட்டி அவளைப் பார்த்துக்கொள்ளத் தயார், சித்தப்பா அங்கே கால் வைக்க முடியாது என்றால் நீதிமன்றம் 2-ஆவது வழியையும் 3-ஆவது வழியையும் சேர்த்து எடுக்கலாம். பாட்டி வீட்டுக்கு அடுத்த வீடுதான் சித்தப்பா வீடு என்றால் கதை வேறு. அப்போது 4-ஆவது வழி வரலாம்.

பெற்றோருக்கும் நிபந்தனை போடலாம். பயிலரங்குகளுக்கு வர வேண்டும், பிள்ளையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லலாம். “ஹோம்ல விட்டாச்சு, இனி அரசாங்கம் பார்த்துக்கும்” என்று ஒதுங்க முடியாது.

எல்லா ‘ஹோம்’-உம் ஒன்றா?

இல்லை. ஊரில் நாம் எல்லாவற்றையும் ‘ஹோம்’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை.

பாதுகாப்பு இல்லம்: கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளுக்கு. இவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்.

அடைக்கல இல்லம்: பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கும் அந்த ஆபத்தில் இருப்பவர்களுக்கும். அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் ரெம்பாவில் உள்ள ‘தாமான் செரி புத்ரி’ சிறுமிகளுக்கான இப்படிப்பட்ட இடம். இங்கே வைக்கும் உத்தரவும் 3 ஆண்டைத் தாண்டக்கூடாது.

அஸ்ராமா அக்லாக், செக்கோலா துனாஸ் பக்தி: நன்னடத்தை விடுதியும் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியும். குற்றம் செய்த சிறாருக்காக ஏற்பட்டவை. இரண்டும் சமூக நல இலாகாவின் கீழ் இயங்குகின்றன.

ஹென்றி கர்னி பள்ளி: மலாக்காவின் தெலுக் மாஸில் இருக்கிறதே, அதுதான். ஜாசின் பக்கமிருந்து கடற்கரைச் சாலையில் மலாக்கா நகருக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான பெயர். இது சிறைச்சாலை இலாகாவின் கீழ் இயங்குவது. குற்றம் நிரூபிக்கப்பட்ட, 14 வயதுக்கு மேற்பட்ட சிறாருக்கானது. 21 வயதைத் தாண்டி அங்கே வைத்திருக்க முடியாது.

இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் இல்லை. கொடுமைக்கு ஆளான பிள்ளை ‘ஹோம்’-இல் இருந்து வந்தாள் என்று தெரிந்ததும், ‘என்ன தப்பு செஞ்சா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை அது.

இன்னொரு வாசலும் உண்டு. “என் பிள்ளை என் பேச்சைக் கேட்கல, கெட்ட சகவாசம்” என்று பெற்றோரே நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்க 46-ஆவது பிரிவு வழி செய்கிறது. ‘கட்டுக்கடங்காத குழந்தை’ என்ற பிரிவு இது. இதில் குழந்தை குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் நன்னடத்தை அதிகாரியின் ரிப்போர்ட் இங்கே மிக முக்கியம். வீட்டை விட்டு ஓடும் பிள்ளை கெட்டுப்போய் ஓடுகிறாளா, இல்லை வீட்டில் நடக்கும் ஏதோ ஒன்றுக்குப் பயந்து ஓடுகிறாளா என்று யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

‘பாதுகாப்பு’ எப்போது ‘பூட்டு’ ஆகிறது?

இந்தக் கேள்வியை இங்கிலாந்து நீதிமன்றங்கள் விவாதித்திருக்கின்றன. அங்கே 1989-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தையைப் ‘பூட்டிய இல்லத்தில்’ வைப்பதைத் தனியாகவே கையாள்கிறது.

அதற்கு இரண்டில் ஒரு காரணம் வேண்டும். குழந்தை திரும்பத் திரும்ப ஓடிப்போகிறது, ஓடினால் பெரிய ஆபத்து. அல்லது, வேறெங்கே வைத்தாலும் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் 28 நாளில் மொத்தம் 72 மணி நேரத்துக்கு மேல் பூட்டி வைக்க முடியாது. முதல் உத்தரவு 3 மாதம் வரை, அடுத்தடுத்து ஒவ்வொன்றும் 6 மாதம் வரை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளச் சட்ட உதவி கேட்கலாம் என்று குழந்தையிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தாளில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில்? இல்லங்களில் இடம் இல்லை. 2017-இல் தற்கொலைக்குத் திரும்பத் திரும்ப முயன்ற 17 வயதுப் பெண் ஒருத்திக்குப் பொருத்தமான படுக்கை ஒன்று நாடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. குடும்ப நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜேம்ஸ் மன்பி, அவளுக்கு ஏதாவது ஆனால் நம் கைகளில் ரத்தக்கறை இருக்கும் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதினார்.

2021 ஜூலை 30-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமே இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. வேல்ஸைச் சேர்ந்த ஒரு சிறுமியின் வழக்கு அது. அங்கீகரிக்கப்பட்ட பூட்டிய இல்லங்களில் இடமே இல்லாதபோது, வேறு இடத்தில் அவளுடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி வைக்க உயர் நீதிமன்றம் அனுமதி தரலாமா என்பது கேள்வி. தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். மறுத்தால் குழந்தை உயிருக்கே ஆபத்து, வேறு வழி இல்லை என்பது காரணம். அதே தீர்ப்பில், போதுமான இடங்கள் இல்லாத நிலை பற்றி நீதிபதிகள் கவலையும் தெரிவித்தார்கள். நீதிமன்றத்தால் உத்தரவு போட முடியும், கட்டிலும் ஆளும் கொண்டுவர முடியாது.

2019-இல் அதே உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. 16, 17 வயதுப் பிள்ளையை அடைத்து வைப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது. “அப்பா அம்மாவே சரின்னு சொல்லிட்டாங்க” என்பதால் ஒருவரின் சுதந்திரம் பறிபோய்விடாது.

மலேசியாவில் இப்படிப்பட்ட வழக்கு வந்திருக்கிறதா?

பராமரிப்பு இல்லம் பற்றி அல்ல. ஆனால் ‘சாவி யார் கையில்?’ என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

2002-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு கொலை வழக்கில் கைதானான். சிறாருக்கு மரண தண்டனை கிடையாது. அதற்குப் பதிலாக 97-ஆவது பிரிவு, கூட்டரசுப் பிரதேசத்தில் நடந்த குற்றமென்றால் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை, மாநிலத்தில் நடந்ததென்றால் அந்த மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரை தடுத்து வைக்கச் சொல்கிறது. மலாக்காவில் அது ஆளுநர். இத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது.

2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டனையின் அளவை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, அதை ஆட்சித் தரப்பிடம் கொடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தரும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு உண்டு, 97-ஆவது பிரிவு செல்லும் என்றது. ஆகவே இன்றும் அந்தப் பிரிவு நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது வருகை நீதிபதிகள் வாரியம் ஒவ்வொரு வழக்கையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கடிவாளம்.

இது குற்ற வழக்கு. நம் மாணவியின் நிலை முற்றிலும் வேறு. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. அவளுடைய உத்தரவில் முடிவுத் தேதி ஒன்று இருக்கிறது. அந்தத் தேதி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, தேதியே இல்லாத வழக்கைப் பார்த்தால்தான் புரியும்.

அனுப்பிய இடமே ஆபத்தானால்?

தமிழ்நாட்டில் இருந்து ஓர் உதாரணம். மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007-இல் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. ஒரு வழக்கறிஞர் அதை இணைத்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதமே பொதுநல வழக்கானது. 10 ஆண்டுக்குப் பிறகு, 2017 மே 5-இல், நீதிபதி மதன் லோக்கூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டின் எல்லாக் குழந்தை இல்லங்களும் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். இல்லத்தில் அடைப்பது மட்டுமே வழி என்று நினைக்காமல், வளர்ப்புக் குடும்பம் போன்றவற்றையும் பார்க்க வேண்டும். ஆய்வுக் குழுக்கள் போய்ப் பார்க்க வேண்டும். இப்படிப் போனது உத்தரவு.

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டப்படி இல்லங்கள் பதிவு பெற வேண்டும். ஆனால் 2024 செப்டம்பர் 11-இல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலீஸ் சோதனை நடத்தி, 402 குழந்தைகளையும் இளையோரையும் மீட்டது. வாசலில் ‘பராமரிப்பு இல்லம்’ என்ற பலகை தொங்குவது மட்டும் போதாது என்பதை நாடே அன்று பார்த்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் தனியாக என்ன இழப்பு?

தமிழ்ப்பள்ளியில் 4-ஆம் ஆண்டு படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு இல்லம் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருக்கலாம். ஒரே நாளில் பள்ளி மாறும், கூட்டாளிகள் மாறுவார்கள், சாப்பாடு மாறும், கோயில் இருக்காது. இரவில் பக்கத்துக் கட்டிலில் தமிழ் பேச ஆள் இல்லாமல் போகலாம். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐநா சிறார் உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது விதி இதைத்தான் பேசுகிறது. குடும்பத்தை விட்டுப் பிரிக்கப்பட்ட குழந்தைக்கு இடம் தேடும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியை மதிக்க வேண்டும். அதே உடன்படிக்கையின் 25-ஆவது விதி, வைத்த இடம் இன்னமும் பொருத்தமா என்று அவ்வப்போது மறுபடி பார்க்கச் சொல்கிறது. சுதந்திரத்தைப் பறிப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கும் இருக்க வேண்டும் என்பது 37-ஆவது விதி. இந்த 37-ஆவது விதிக்கு மட்டும் மலேசியா இன்னும் விலக்குரிமை வைத்திருக்கும் விதிகளின் பட்டியலில் இடமுண்டு.

ஆக, ‘தகுந்த நபர்’ என்று ஒரு பாட்டியோ அத்தையோ முன்வருவது சின்ன விஷயம் இல்லை. பிள்ளையின் மொழியும் பள்ளியும் தப்பிக்கும் வழி அது. உறவினர்கள் “நமக்கு எதுக்கு கோர்ட்டு வம்பு” என்று ஒதுங்கினால், நீதிமன்றத்தின் முன் இருக்கும் வழிகளில் ஒன்று குறைந்துபோகிறது.

உத்தரவு போட்ட பிறகு மாற்ற முடியுமா?

முடியும். சூழ்நிலை மாறிவிட்டது, மாற்றுவது குழந்தைக்கு நல்லது என்று காட்டினால் நீதிமன்றம் உத்தரவைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். சமூக நல அதிகாரி, இல்லப் பொறுப்பாளர், பெற்றோர், குழந்தை ஆகியோர் விண்ணப்பிக்கலாம். அம்மா அந்த உறவை முழுக்க அறுத்துக்கொண்டு வேறு வீட்டுக்கு மாறிவிட்டார் என்றால், அதுவே ஒரு மாற்றம்தான்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்ட பாதுகாப்பு வழக்குகளில் குழந்தைக்கென்று தனி வழக்கறிஞர் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் உரிமை 11 வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் அது உரிமை. அந்த ‘யாராவது’ பெரும்பாலும் சமூக நல அதிகாரி, பார்க்க வரும் உறவினர், அல்லது ஓர் ஆசிரியர்.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை ஆபத்தில் இருந்தால்?

கூப்பிட வேண்டிய எண்: தாலியான் காசிஹ் 15999. வாட்ஸ்அப்: 019-2615999. 24 மணி நேரமும் இயங்கும். ஜாசின் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கோ அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்கோ நேரில் போகலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

யார் சொன்னார்கள் என்பது வெளியே போகுமா? தகவல் தருபவரின் அடையாளத்துக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

சொல்லாமல் இருந்தால்? மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோருக்குச் சொல்வது கடமை. சொல்லாத மருத்துவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பாலியல் குற்றம் என்றால் 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்த யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

கொடுமை செய்தவருக்கு? சிறார் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் கூட்டாளி உங்களிடம் ரகசியமாகச் சொன்னால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். “நீ சொன்னது நல்லது. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரியவங்ககிட்ட சொல்லலாம்” என்று சொல்லுங்கள். என்ன நடந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம், அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவள் சொன்ன நாள், சொன்ன வார்த்தைகள் இரண்டையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஹோம்ல போட்டுருவாங்களா?” என்று அவள் கேட்டால், நேர்மையான பதில் இதுதான்: போடலாம், போடாமலும் இருக்கலாம். முடிவு ஒரு மெஜிஸ்ட்ரேட் கையில். அதற்கு முன் பாட்டி வீடு, அத்தை வீடு என்று வேறு வழிகளையும் பார்க்கலாம். போட்டாலும் அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பேசாமல் இருந்தால் வீட்டில் நடப்பதற்கு மட்டும் எந்தத் தேதியும் கிடையாது.